ஆறு புள்ளி நான்கு விநாடி

ஆறு புள்ளி நான்கு. அந்த எண்ணின் மேலேயே பேனாவை இன்னொரு தடவை ஓட்டினாள் உலகம்மாள், அழுத்தி எழுதினால் அது வேறு எண்ணாகிவிடும் என்பது போல. ஆகவில்லை. மேலே பத்து வார்த்தைகள், கீழே ஒன்பது வார்த்தைகள், எல்லாவற்றுக்கும் நேரே ஒன்று சொச்சம், இரண்டு சொச்சம் என்று எண்கள் அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கின்றன. நடுவில் பதினொன்றாவது மட்டும் கல்யாணப் பந்தியில் சண்டைக்கு வந்தவன் மாதிரி ஆறு புள்ளி நான்கு என்று நிற்கிறது. சொல்: நண்பன். பதில்: சைக்கிள். எடுத்துக்கொண்ட நேரம்: அதுதான், அந்த ஆறு புள்ளி நான்கு விநாடி. பதிலைச் சொன்னவன் எதிரே ஸ்டூலில் இரண்டு கையையும் தொடைக்கு நடுவில் செருகிக்கொண்டு சுவரில் மாட்டியிருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவன், அணைந்தபெருமாள். உளவியல் பட்டப்படிப்பின் மூன்றாம் ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு ஆளுக்கொரு சப்ஜெக்டைக் கூட்டி வர வேண்டும் என்று பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்விப் பிரிவு கடிதம் போட்டிருந்தது. சப்ஜெக்ட் என்றால் பாடம் அல்ல, ஆள். சோதனைக்கு உட்காருகிற ஆள். இவள் ஒரு வார்த்தை சொல்வாள், சொல்லும்போதே கடிகாரப் பொத்தானை அமுக்குவாள், அவன் மனதில் முதலில் வருகிற வார்த்தையைச் சொல்லுவான், உடனே மறுபடி அமுக்கி நிறுத்துவாள். இருபது வார்த்தை. சொல் தொடர்புச் சோதனை என்று பெயர். குழந்தைகள் விளையாட்டு மாதிரி இருக்கும். விளையாட்டுத்தான் கடைசியில் வினையாகும் என்று சும்மாவா சொன்னார்கள்.

அம்மா என்ற சொல்லுக்கு அவன் ஒன்று புள்ளி ஆறு விநாடியில் 'செத்துட்டா' என்றான். மரணம் என்ற சொல்லுக்கு ஒன்று புள்ளி ஒன்பதில் 'எல்லாருக்கும்' என்றான், ஏதோ பஸ் டிக்கெட் கேட்டது போல. பாம்பு, அடி. மஞ்சள், கிழங்கு. ரயில், கேட்டு. மனைவி, புஸ்தகம். அது ஒன்று புள்ளி மூன்று, இருபதிலேயே அதுதான் வேகம். பத்து வருஷம் பொங்கிப் போட்டவளுக்குப் புஸ்தகம் என்று பெயர். அதைப் பிறகு யோசிக்கலாம், முதலில் நண்பன். சாவும் பெற்ற தாயும் வழுக்கிக்கொண்டு போன இடத்தில் நண்பன் மட்டும் ஏன் முள்ளில் மாட்டிய சேலை மாதிரி நின்றது? பாடப் புத்தகத்தில் நாற்பத்திரண்டாம் பக்கத்தில் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, அவள் பச்சை மையால் கோடு போட்டிருக்கிறாள்: பதில் சொல்லத் தாமதமாகும் சொல் அந்த மனத்தில் அழுந்திக் கிடக்கும் ஒன்றைத் தொடுகிறது. அடுத்த பக்கத்திலேயே, சில நேரம் தாமதத்துக்கு அர்த்தமே இல்லாமலும் போகலாம், காது கேளாமை, கவனச் சிதறல், களைப்பு என்று இருக்கிறது. இந்தப் புத்தகத்தை எழுதியவர்கள் பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிறவர்கள். வெளியே அப்போது ஆட்டோ ஹாரன் அடித்ததா? அடித்த மாதிரியும் இருந்தது. மின்விசிறி வேறு டடக் டடக் என்கிறது. டயர்ப் பட்டறையில் இருபது வருஷம் இரும்பு அடிக்கிற சத்தத்தில் நின்றவனுக்குக் காது மந்தமாகியிருக்குமோ? அப்படியானால் மஞ்சள் எப்படிக் கேட்டது, பாம்பு எப்படிக் கேட்டது? இல்லை. காது இல்லை. மாசானம் அண்ணன்தான்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு புதன்கிழமை. பேட்டையில் டயருக்கு ரப்பர் ஒட்டுகிற பட்டறையில் அணைந்தபெருமாளும் மாசானமுத்துவும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள், கல்யாணத்துக்கு முன் ஒரே சைக்கிளில் மாறி மாறி மிதித்துப் போனவர்கள். அந்தப் புதன்கிழமை பதினோரு மணிக்கு மாசானமுத்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு டயர் அடுக்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சாயந்திரம் வீட்டுக்கு வந்த அணைந்தபெருமாள், 'மாசானம் போயிட்டான். வெந்நி போடு' என்றான். அவ்வளவுதான். அழவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்குப் பந்தல்காரனுக்குச் சொன்னதும், அந்த வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் எல்லாம் அவன்தான். ஆனால் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. முன்னாலும் அவன் பேச்சுக்காரன் இல்லை, பத்து வார்த்தை பேசுவான், இப்போது இரண்டு. தட்டைப் பார்த்தபடி சாப்பிடுகிறான். சாப்பிட்டுவிட்டு உள்ளங்கையைப் பார்க்கிறான். உள்ளங்கையில் என்ன இருக்கிறது? அவன் குளிக்கப் போனபோது அவளும் தன் உள்ளங்கையைப் பார்த்தாள், அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

அந்த மாதம்தான், நேரம் பார்த்து, மனச்சோர்வு என்கிற பாடம் வந்து சேர்ந்தது. ஒன்பது அறிகுறி. அதில் ஐந்து, இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் கவனிக்க வேண்டும். உலகம்மாள் அங்கன்வாடிப் பணியாளர். பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டு அட்டையில் புள்ளி வைத்துப் பழகிய கை. புள்ளி வைக்கிற கைக்கு யார் கிடைத்தாலும் புள்ளி வைக்கும். தூக்கம், புள்ளி. பசி, புள்ளி. எதிலும் நாட்டமின்மை: ஞாயிற்றுக்கிழமை கோழி எடுக்கவா என்று கேட்டதற்கு 'உன் இஷ்டம்' என்றான், அது நாட்டமின்மையா, இல்லை பத்து வருஷமாகச் சொல்லுகிறதைத்தான் சொன்னானா? அரைப் புள்ளி. ஒருநாள் சாவி மறந்துவிட்டது என்று அவனை அங்கன்வாடிக்கு வரவழைத்து, கர்ப்பிணிகளுக்கு வைத்திருக்கிற எடை மிஷினில் ஏறச் சொன்னாள். 'எதுக்கு?' என்றான். 'மிஷின் சரியா இருக்கான்னு பாக்கணும்' என்றாள். மூன்று கிலோ குறைந்திருந்தது. அன்றிலிருந்து சத்துமாவு உருண்டை. நாற்பது வயது ஆண்பிள்ளை, கர்ப்பிணிக்குக் கொடுக்கிற உருண்டையைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மறுபேச்சுப் பேசாமல் தின்றான். மறுபேச்சுப் பேசாததற்கு இன்னொரு புள்ளி. ஒன்பதாவது அறிகுறியை மட்டும் அவள் முழுசாக வாசிக்கவில்லை. வாசிக்காமலே எழுந்து போய், அடுப்படி மாடத்தில் இருந்த எலி மருந்தை எடுத்துக் குப்பை வண்டியில் போட்டாள். இப்போது வீட்டில் எலிகள் பட்டப்பகலில் நடமாடுகின்றன. 'அந்த மருந்து எங்க போச்சு?' என்று அவன் போன வாரம் கேட்டான். கேட்டானே, எதற்குக் கேட்டான்? எலிக்குத்தான் கேட்டான். எலி அவன் சட்டைக் காலரைக் கடித்திருந்தது, கடித்த சட்டையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கேட்டான். ஆனாலும் எதற்குக் கேட்டான்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அது தெரிந்தும் அந்தக் கேள்வி அவளை விடவில்லை, பினாயில் வாசனை அடிக்கிற இந்த ஆய்வுக்கூடத்திலும் விடவில்லை.

ஆனால் ஒன்று, இவனை இங்கே கூட்டி வந்தது அவள்தானே. சப்ஜெக்டாக வருவதாக ஒத்துக்கொண்டது அடுத்த வீட்டு ராஜகனி அக்கா. அக்கா புதுச் சேலைகூட எடுத்து வைத்திருந்தாள், பல்கலைக்கழகத்துக்குப் போகிறோம் என்று. நேற்று மத்தியானம் இவள் போய், 'வேண்டாம்க்கா, ஆள் கெடச்சிட்டு' என்று சொல்லிவிட்டு, வீட்டுக்கு வந்து கணவனிடம், 'அக்காவுக்குக் காய்ச்சலாம், நாளைக்கு நீங்கதான் வரணும்' என்றாள். பொய். இரண்டு பக்கமும் பொய். எதற்கு? அவனை உட்கார வைத்து, கையில் கடிகாரத்தோடு, யாரும் தப்பு சொல்லமுடியாத முறையில், மனதுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம் என்றுதானே? யாருக்கு எந்தச் சோதனை என்று சீட்டு எடுத்தபோது சொல் தொடர்புச் சோதனை வரவேண்டும் என்றும் வேண்டினாள், வரக்கூடாது என்றும் வேண்டினாள். பிள்ளையாருக்கே எந்தப் பக்கம் தலையாட்டுவது என்று தெரிந்திருக்காது. வந்தது. வார்த்தைப் பட்டியலைக் கொடுத்தார்கள். முதல் வார்த்தையைச் சொல்வதற்கு முன்பே அவள் கண் பதினொன்றாவதுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு வார்த்தையையும் சொல்லும்போது, இன்னும் எட்டு இருக்கிறது, இன்னும் ஐந்து, இன்னும் இரண்டு, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கட்டைவிரல் வியர்த்தது. பிறகு ஆறு புள்ளி நான்கு. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டாயிற்று. இப்போது பூதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? முடிவும் விளக்கமும் என்று தாளில் அரைப்பக்கம் காலியாகக் கிடக்கிறது. 'நண்பன் என்னும் சொல் இவர் மனத்தில் ஆழ்ந்த துயரத்தை' என்று அதில் எழுத வேண்டும். அவனும் எதிரே உட்கார்ந்திருக்கிறான். தலைகீழாக வாசிக்கத் தெரிந்தவன். டயரில் இருக்கிற நம்பரை எந்தப் பக்கத்திலிருந்தும் வாசிப்பான்.

ஆறை இரண்டாக்குவது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. இரண்டு புள்ளி நான்கு. யார் கேட்கப்போகிறார்கள்? பக்கத்து மேசையில் இருக்கிற பையன் தன் சித்தப்பாவைக் கூட்டி வந்து, எண்களை எல்லாம் வீட்டிலேயே சமைத்து எடுத்து வந்திருக்கிறான், சித்தப்பா பாட்டுக்குத் தூங்குகிறார். இரண்டு என்று போட்டால் சராசரி அழகாக வரும், தேர்விலும் பாஸ் ஆகிவிடலாம், பட்டம் வந்தால் மேற்பார்வையாளர் வேலைக்கு மனுப் போடலாம். ஆனால் இரண்டு என்று போட்டுவிட்டு இன்றைக்கு ராத்திரி அவன் பக்கத்தில் எப்படிப் படுப்பது? தாளில் சரியாகி, ஆளில் சரியாகவில்லை என்றால்? ஒருவேளை அந்த ஆறு விநாடியில் அவன் கூப்பிட்டிருக்கிறான், யாராவது வாங்களேன் என்று. அதை ரப்பர் வைத்து அழிப்பதா? ஒருவேளை அவன் கூப்பிடவே இல்லை, வெறுமனே சைக்கிளை யோசித்திருக்கிறான், மாசானம் அண்ணன் வீட்டில் கிடக்கிற அந்தச் சைக்கிளை யார் வாங்குவார்கள் என்று. ஒருவேளை. ஒருவேளைக்கு மேல் ஒருவேளை. மூன்று வருஷமாக மனம் என்றால் என்ன என்று படித்து, கடைசியில் கட்டின புருஷனின் மனம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியாமல், பேனாவை வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். அழுகை வந்தது. தேர்வு நடக்கிற இடத்தில் அழுதால் பிட்டுக் கொண்டு வந்து மாட்டிக்கொண்டாள் என்று நினைப்பார்கள். விழுங்கினாள்.

"என்னம்மா, முடிச்சாச்சா?"

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் அம்மையார், கழுத்தில் சங்கிலி போட்ட மூக்குக் கண்ணாடியோடு வந்து நின்றார். தாளை எடுத்தார். எண்கள் இருந்த பக்கத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் புரட்டினார். கடைசிப் பக்கத்தில் அகநோக்கு அறிக்கை என்று ஒரு பகுதி உண்டு. சோதனை முடிந்ததும் சப்ஜெக்டிடம் உங்களுக்கு எப்படி இருந்தது என்று கேட்டு, அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். எந்தக் காலத்திலும் யாரும் கேட்டதில்லை. சீனியர் நோட்டிலிருந்து ஜூனியர் நோட்டுக்கு வாழையடி வாழையாக வந்த நாலு வரி இருக்கிறது, எல்லோரும் அதைத்தான் எழுதுவார்கள். உலகம்மாள் அதைச் சோதனை தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருந்தாள்.

"'தொடக்கத்தில் சற்றுப் பதற்றமாக இருந்தது. பின்னர் இயல்பு நிலை ஏற்பட்டது. சோதனை ஆர்வமூட்டுவதாக அமைந்தது'" என்று அம்மையார் வாசித்தார். கண்ணாடிக்கு மேலாக ஸ்டூலைப் பார்த்தார். "ஐயா, இது நீங்க சொன்னதா?"

அணைந்தபெருமாள் எழுந்து நின்றான். "நான் ஒண்ணும் சொல்லலியே மேடம். என்ட்ட ஒண்ணும் கேக்கலியே."

"காலையிலிருந்து இந்த நாலு வரியை இருபத்தி மூணு தாள்ல படிச்சாச்சு." அம்மையார் குறுக்காக ஒரு கோடு போட்டார். கோபமாகக்கூட இல்லை, அலுப்பாகத்தான். "கேட்டு எழுதும்மா. பத்து நிமிஷம் இருக்கு."

அவர் அடுத்த மேசைக்குப் போய், சித்தப்பாவை எழுப்பினார். உலகம்மாளுக்குக் காது சுட்டது. மானம் போயிற்று, அதுவும் யார் முன்னால். அதைவிடவும் ஒன்று நெஞ்சில் வந்து நின்றது: கேட்கவில்லை என்று சொல்கிறானே. நான் கேட்கவில்லையா? நாலு மாதமாக இரவும் பகலும் வேறு என்ன செய்தேன்? மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன், உருண்டை தின்றானா என்று பார்த்தேன், கழிவறையில் எவ்வளவு நேரம் இருக்கிறான் என்று கதவுக்கு வெளியே நின்று... பார்த்தேன். பார்த்தேன், பார்த்தேன். எத்தனை தடவை சொல்லிப் பார்த்தாலும் கேட்டேன் என்று ஒன்று அதற்குள் வரவில்லை. எப்படிக் கேட்பது? கேட்டு, அவன் ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

"கேளு" என்றான் அணைந்தபெருமாள், ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டு. "நேரமாகுதுல்லா."

"உங்களுக்கு..." பேனாவைத் தாளின் மேல் வைத்துக்கொண்டாள். "சோதனை நடக்கும்போது உங்களுக்கு எப்படி இருந்துச்சு?"

"நல்லாத்தான் இருந்துச்சு. ஒரே ஒரு வார்த்தைக்கு மட்டும் நீ லேட்டு."

"நானா?"

"பதினொண்ணாவதுக்கு. மத்ததுக்கெல்லாம் சொல்லிட்டே பட்டன அமுக்குன. அதுக்கு மட்டும் மொதல்ல அமுக்கிட்ட. அமுக்கிட்டுத் தாளையே பாத்துட்டு இருக்க, வார்த்தை வரல. நான் என்னன்னு உன் வாயவே பாத்துட்டு இருக்கேன். நண்பன்னு நீ சொன்ன ஒடனே நான் சொல்லிட்டேன்."

மின்விசிறி டடக் டடக் என்றது. உலகம்மாள் கட்டைவிரலைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் சொல்வது சரிதான், அந்த விரல் அவளுக்கு முன்னால் ஓடிவிட்டது, அவள் வாய் திறக்காமல் நின்றிருக்கிறாள். ஆறு புள்ளி நான்கு அவளுடையது. நாற்பத்திரண்டாம் பக்கத்தின் பச்சைக் கோடு அவளுக்கானது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த வார்த்தையச் சொல்ல உனக்குப் பயமா இருந்துச்சு, என்னா?" என்றான் அவன், பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில். "வீட்லயும் அப்பிடித்தான் இருக்க. மாசானம் பேரு வந்தா டிவிய மாத்துத. நான் தூங்குதேனான்னு நீ எந்திச்சு எந்திச்சு பாக்குததுலதான் எனக்குத் தூக்கமே போச்சு. கேப்ப கேப்பன்னு பாத்தேன். நீ கேக்காம எடைய போட்ட."

"தெரியுமா?"

"மிஷின் சரியா இருக்கான்னு பாக்க என்னையவா ஏத்துவாவ?"

அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விட ஆறுதல் பெரிதாக இருந்தது, அதை விடப் பெரிதாக, இன்னும் கேட்காத ஒன்று வாசலில் நின்றது. பேனாவைக் கீழே வைத்தாள். கடிகாரத்தைத் தள்ளி வைத்தாள்.

"அன்னைக்கு என்னங்க நடந்துச்சு?"

அவன் உடனே சொன்னான். கடிகாரம் ஓடியிருந்தால் அரை விநாடிகூடக் காட்டியிருக்காது.

"டீ வாங்கப் போயிருந்தேன். அவன்தான் போகச் சொன்னான். ரெண்டு டீ வாங்கிட்டு வாரேன், அவன் டயர்ல சாஞ்சு கெடக்கான். தூக்குனேன். ரெண்டு கையாலயும்தான் தூக்கிருக்கேன், சட்டையெல்லாம் அவன் வேர்வை. அப்பம் அந்த டீ எங்க? கையில இருந்துச்சு, அப்பறம் இல்ல. கீழ போட்டா ஒடஞ்சிருக்கும்லா, ஒடஞ்சத யாரும் பாக்கல. எங்கயோ வச்சிருக்கேன். அப்பம், அவன் கெடக்கத பாத்துட்டும் நான் நின்னு நெதானமா டம்ளர ஒரு எடத்துல வச்சிட்டுத்தான் போயிருக்கேன். எவ்வளவு நேரம் நின்னேன்? அதத்தான் யோசிக்கேன். நாலு மாசமா அத மட்டுந்தான் யோசிக்கேன். கிறுக்குத்தனம், என்னா?"

"இல்ல."

"உன் புஸ்தகத்துல இருக்கா?"

"இல்ல" என்றாள். இது எத்தனையாவது அறிகுறி என்று அவளுக்குத் தோன்றவில்லை. கண்ணாடி டம்ளர்தான் தோன்றியது, இரண்டு கண்ணாடி டம்ளர். "கடைக்காரரு வந்து டம்ளர் கேக்கலியா?"

அவன் நிமிர்ந்தான்.

"இல்ல" என்றான். பிறகு மெதுவாக, "கேக்கலியே. ஒரு டம்ளர் கொறஞ்சாலும் ஒம்பது தடவ ஆளனுப்புத மனுசன். வந்து எடுத்துட்டுப் போயிருப்பாரோ? என் நெலமையப் பாத்துட்டுதான் எங்கிட்ட ஒண்ணுங் கேக்கலியோ. நான் அதுக்கப்பறம் அந்தக் கடைக்கே போகலியே உலகு." அவன் முகம் கோணியது. கையைத் தொடைக்கு நடுவிலிருந்து எடுத்து முகத்தைப் பொத்திக்கொண்டான். தோள் குலுங்கியது. சத்தம் முதலில் வரவில்லை, பிறகு வந்தது, சித்தப்பா திரும்பிப் பார்க்கிற அளவுக்கு வந்தது.

உலகம்மாள் மேசையைச் சுற்றிப் போய் அவன் பக்கத்தில் நின்றாள். தேர்வு எழுதுகிறவர் சப்ஜெக்டைத் தொடலாமா கூடாதா என்று எந்தப் பக்கத்திலும் போட்டிருக்கவில்லை. முதுகில் கை வைத்தாள். மணி அடித்தது. தேர்வாளர் அம்மையார் தாள்களை வாங்கிக்கொண்டே வந்தவர், இவர்கள் மேசைக்கு வந்ததும் நின்றார். கோடு போட்டு அடித்த நாலு வரியும், அதன் கீழே காலி இடமும் அப்படியே இருந்தன. அவர் கையை நீட்டினார்.

"அவுங்க இன்னும் சொல்லி முடிக்கல மேடம்" என்றாள் உலகம்மாள்.